ரெண்டாவது வண்டி

உங்க மகன் கவுண்டர்ல நம்பர் அடிக்கவே இல்லை, கவனிச்சீங்களா? நான் பின்னாடி வரிசையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அத்தனை சாமான் வாங்கியிருக்காரு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, ரிவார்ட்ஸ் நம்பர் இருக்கான்னு. இவரு இல்லைன்னு தலைய ஆட்டிட்டுக் கார்டைத் தேச்சுட்டுப் போயிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, நீங்க தமிழ்ல பேசுறது காதுல விழுந்ததும் வந்துட்டேன்.

மருந்து வாங்கத்தானே போயிருக்காரு? கடைக்குள்ள மருந்து குடுக்குற அந்த ஜன்னல்ல எப்பவும் கூட்டம். வர நேரமாகும். இப்படி உக்காருங்க, பெஞ்சு காலியாத்தான் இருக்கு. ஊர்ல எந்தப் பக்கம்? சிவகாசியா? அப்ப நமக்குப் பக்கம்தான். நான் கோவில்பட்டி. எங்க அப்பா மார்க்கெட் ரோட்டுல மளிகைக் கடை வச்சிருந்தாக. என் பேரு ஜெயக்கொடி. இந்த ஊருக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்காரவுக டயர் கம்பெனியில இருந்தாக. இப்ப இல்ல. தவறிட்டாக.

நம்பர் விசயத்துக்கு வாறேன். உங்க மகன்கிட்ட சொல்லுங்க. இந்தக் கடையில ஒரு டாலருக்குச் சாமான் வாங்கினா ஒரு பாயின்ட். நம்ம போன் நம்பரை அடிச்சா அதுல ஏறிக்கிடும். நூறு பாயின்ட் சேந்தா, வாசல்ல இவங்களே பெட்ரோல் பங்க் வச்சிருக்காங்கல்ல, அங்க கேலனுக்குப் பத்து சென்ட் குறையும். ஆயிரம் சேந்தா ஒரு டாலர். அதுக்கு மேல எவ்வளவு சேத்தாலும் ஒரு டாலர்தான். மாசம் தாண்டிட்டா பாயின்ட் அம்புட்டும் அழிஞ்சுரும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நிறையப் பேருக்கு அது தெரியாது. அந்தக் குறைச்ச விலை ஒரே ஒரு தடவைக்குத்தான். முப்பத்தஞ்சு கேலன் வரைக்கும் போட்டுக்கலாம். ஆனா ஹோஸைத் திருப்பி மிஷின்ல மாட்டிட்டீங்கன்னா முடிஞ்சது. என் வண்டி சின்னது. பன்னண்டு கேலன் போட்டா வாய் வரைக்கும் வந்துரும். மிச்ச இருபத்து மூணு கேலனை என்ன செய்ய? டப்பாவுல பிடிச்சு வீட்டுல வச்சா தீப்பிடிக்கும். அதனாலதான் ரெண்டாவது வண்டி வேணும். ஒரு வண்டிக்குப் போட்டு முடிச்சதும் ஹோஸை மாட்டக்கூடாது. ஒரு ஆள் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கணும். அந்த வண்டி முன்னால நகந்ததும் அடுத்த வண்டி அந்த இடத்துல வந்து நிக்கும். அதுக்கும் போடலாம். ரெண்டு வண்டி, ரெண்டு ஆள். ஒத்தை ஆளால முடியாது. நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், முடியாது.

எங்க வீட்டுக்காரவுக இருந்தப்ப அவுக வண்டி ஒண்ணு, என் வண்டி ஒண்ணு. மாசக் கடைசி சனிக்கிழமைன்னா ரெண்டு பேரும் முன்னப் பின்ன கிளம்பிப் போவோம். அவுக என்கிட்ட அதிகம் பேச மாட்டாக. சுபாவமே அப்படி. ஆனா அன்னைக்கு மட்டும், 'பிடி, பிடி, விட்டுராத'ம்பாக. அவுக போனப்புறம் மகன் வந்து அந்த வண்டிய வித்துட்டான். 'ஒத்தை ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு வண்டி'ன்னான். குமரன்னு பேரு, சியாட்டில்ல இருக்கான். நல்ல பையன். ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவான். கார் ஓட்டிக்கிட்டே பேசுவான், அதனால பாதி காதுல விழாது. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் வச்சிருவான்.

ஒத்தை ஆளுக்கு அம்புட்டு பாயின்ட் எப்படி சேருதுன்னு நீங்க கேக்கலாம். கோயில்ல ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் காய்கறி, பால், தயிர் எல்லாம் நான்தான் வாங்கிப் போடுறேன். கோயில் காசு, என் நம்பர். கமிட்டியில ஒருத்தர் ஒரு தடவை கேட்டாரு, அந்தப் பாயின்ட்டெல்லாம் யாருக்குப் போகுதுன்னு. பெருமாளா வண்டி ஓட்டுறாருன்னு கேட்டேன். அடுத்த வாரமும் லிஸ்ட்டை என்கிட்டதான் குடுத்தாரு.

சரி. அவுக போன அடுத்த கோடை. ஆயிரம் பாயின்ட் சேந்துபோச்சு, மாசக் கடைசி. எனக்கு வீணாக்க மனசு வரல. தனியாப் போனேன். என் வண்டிக்குப் போட்டாச்சு. ஹோஸைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல ஒரு பெரிய பிக்கப் ட்ரக், பழசு. அதுல இருந்து ஒரு ஆள் இறங்குறாரு. தலையெல்லாம் நரை, கறுத்த ஆள். ஸ்பானிஷ்காரரோன்னு நினைச்சேன். இங்கிலீஷ்ல கேட்டேன், சார், பெட்ரோல் வேணுமா, ஒரு டாலர் கம்மின்னு. அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. பாத்துட்டுத் தனக்குத்தானே சொல்றாரு, 'இதென்ன கோதாரி'ன்னு.

கோதாரின்னா சனியன், எழவுங்கிற மாதிரின்னு எனக்கு அப்பத் தெரியாது. ஆனா தமிழ்னு தெரிஞ்சுபோச்சு.

"கோதாரி எல்லாம் இல்லைங்க, நல்ல பெட்ரோல்தான். சீக்கிரம் வண்டியக் கொண்டு வாங்க, மிஷின் நின்னுரும்"னேன்.

அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பை நீங்க பாக்கணும். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. சிரிச்சுக்கிட்டே போய் வண்டியக் கொண்டுவந்து நிறுத்தினாரு.

யாழ்ப்பாணத்துக்காரரு. பருத்தித்துறைன்னு கடலோர ஊரு. பேரு குலசிங்கம். இங்க பெயின்ட் கம்பெனியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் இறந்து ரொம்ப வருசம் ஆயிருச்சு. ஒரே மக, கனடாவுல. ஏரிக்கரைப் பக்கம் சின்ன வீட்டுல தனியா இருந்தாரு. இதெல்லாம் அன்னைக்கே சொல்லல. ஒவ்வொரு மாசமா, பெட்ரோல் போடுறப்ப சொன்னது.

அன்னைக்கே ஏற்பாடு ஆயிருச்சு. மாசக் கடைசி சனிக்கிழமை காலையில ரெண்டு பேரும் பங்குக்கு வந்துருவோம். அவரு சாமான் வாங்குறப்ப என் நம்பரையே அடிப்பாரு. அவர் ட்ரக்குல இருபத்து மூணு கேலன் பிடிக்கும். என்னுது பன்னண்டு. கூட்டிப் பாருங்க. சொல்லி வச்சு செஞ்ச மாதிரி இருக்குல்ல? எங்க வீட்டுக்காரவுக வண்டியும் என்னுதும் சேந்து கூட முப்பதைத் தாண்டாது. வருசக்கணக்கா அஞ்சு கேலன் விட்டுட்டுத்தான் வருவோம்.

வேலை எப்படின்னா, முதல்ல என் வண்டிக்குப் போடுவாரு. நிறைஞ்சதும் ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் வண்டிய முன்னால தள்ளி நிறுத்திட்டு ஓட்டமா வந்து ஹோஸை வாங்கிக்கிடுவேன். அவரு போய் ட்ரக்கைக் கொண்டு வருவாரு. கை மாத்துறப்ப கவனமா இருக்கணும். சொட்டக்கூடாது. அவரு கையுறைய கழட்டி எனக்குக் குடுப்பாரு, குளிர் காலத்துல. இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும்ல. அவர் கை சூடு அதுக்குள்ள இருக்கும். அது ஒரு வசதி.

முடிஞ்சதும், காத்து அடிக்கிற மிஷின் பக்கம் வண்டிகளைத் தள்ளி நிறுத்திட்டுத் தேத்தண்ணி குடிப்போம். டீயை அப்படித்தான் சொல்வாரு. பிளாஸ்குல கொண்டு வருவாரு. இஞ்சி தட்டிப் போட்டு, பாலில்லாம. முதல் மாசம் ஒரு டம்ளர்தான் கொண்டு வந்தாரு, மூடியில எனக்கு ஊத்திக் குடுத்தாரு. அடுத்த மாசம் எனக்குன்னு ஒரு கப்பு, மஞ்ச கலர்ல. நான் முறுக்கோ சீடையோ கொண்டு போவேன். பெட்ரோல் வாடையில நின்னு சாப்பிடக்கூடாது, ஆனா சாப்பிட்டோம்.

என்னத்தப் பேசுவோம்? எல்லாம் பெட்ரோல் பத்தித்தான். எந்தப் பங்க்ல என்ன விலை, எப்ப ஏறும். அப்புறம் அவுக ஊர்ல கடலுக்குப் போறவங்க கதை. எங்க அப்பா கடையில எலி விழுந்த எண்ணெய்த் தகரத்தை அப்படியே தெருவுல கவுத்துவிட்ட கதை. ஒரு தடவை பேசிக்கிட்டே நின்னு, ரெண்டு பேர் தோள்லயும் பனி விழுந்து வெள்ளையாயிருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

நான் அவரை அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். நம்ம பக்கம் அப்படித்தானே, யாரா இருந்தாலும் மரியாதைக்கு. ஒரு நாள் அவரு கேக்காரு, "ஏன் என்னை அண்ணாச்சி எண்டு சொல்லுறியள்?"

"எங்க ஊர்ல பஸ் கண்டக்டரைக் கூட அப்படித்தான் கூப்பிடுவோம்"னேன்.

"நான் கண்டக்டர் இல்லையே. எனக்கு ஒரு பேர் இருக்கு."

"பேர் சொல்லிக் கூப்பிடுறது மரியாதை இல்லைங்க."

அவரு பிளாஸ்க் மூடியத் திருகிக்கிட்டே இருந்தாரு. "ஓம், மரியாதைதான்"னாரு. அப்புறமும் நான் அண்ணாச்சின்னுதான் கூப்பிட்டேன். அவரு மட்டும் என்னை எங்க வீட்டுக்காரவுக பேரை வச்சு மிஸிஸ் அருணகிரின்னு சொல்றதை விட்டுட்டு, ஜெயக்கொடின்னு சொல்ல ஆரம்பிச்சாரு. சரி, மூத்தவரு, சொல்லிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன்.

இலையெல்லாம் சிவக்குற நேரத்துல ஒரு யோசனை சொன்னாரு. வடக்க பெரிய ஏரி ஒண்ணு இருக்கு, அக்கரை தெரியாது, கடல் மாதிரி அலையடிக்கும். அதைப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு.

"மூண்டு மணித்தியாலம்தான். நான் ஓட்டுறன். நீங்கள் பக்கத்தில இருந்தால் போதும்."

"அண்ணாச்சி, உங்க ட்ரக் என்ன குடிகுடிக்கும்னு உங்களுக்கே தெரியும். போக வர முழு டேங்கும் போயிரும். மாசமெல்லாம் கஷ்டப்பட்டு மிச்சம் பிடிச்சுட்டு, தண்ணியப் பாக்கவா செலவழிக்கிறது?"

"மிச்சம் பிடிக்கிறது பிறகு எதுக்கு?"

மிச்சம் பிடிக்கிறது மிச்சம் பிடிக்கத்தான். இதுல கேக்க என்ன இருக்கு? படிச்ச மனுசன், சில நேரம் இப்படித்தான் சின்னப் பிள்ளை மாதிரி கேப்பாரு.

இந்த வருசம் பிப்ரவரியில பாயின்ட் ஏறாம நின்னுபோச்சு.

அதைச் சொல்றேன் கேளுங்க. போன்ல பாத்தா தெரியும், எப்ப எவ்வளவு ஏறுதுன்னு. அவரு செவ்வாய்க்கிழமைதான் கடைக்குப் போவாரு. வயசானவங்களுக்கு அன்னைக்குத் தள்ளுபடி. செவ்வாய் மத்தியானம் முப்பதோ நாப்பதோ ஏறும். பாப்பேன். சரி, அண்ணாச்சி கடைக்குப் போயிட்டு வந்துட்டாருன்னு என் வேலையப் பாக்கப் போயிருவேன். அந்தச் செவ்வாய் ஏறல. புதன் பாத்தேன், ஏறல. பனி அதிகம், அதனால போகலன்னு நினைச்சேன். அடுத்த செவ்வாயும் ஏறல. போன் அடிச்சேன், எடுக்கல. மாசக் கடைசி கிட்ட வந்துருச்சு, ஆயிரத்துக்கு இன்னும் நூறு பாயின்ட் குறையுது. இது என்னன்னு நேர்ல கேட்டுட்டு வந்துருவோம்னு கிளம்பிட்டேன். பெட்ரோல் விசயமாத்தான் போனேன்.

அவர் வீட்டுக்கு அதுக்கு முன்னாடி நான் போனதே இல்ல. வாசல்ல பனி தள்ளாம முழங்கால் உயரத்துக்குக் கிடக்கு. கதவைத் தட்டுறேன், தட்டுறேன், வரல. கடைசியில வந்தாரு. கம்பளியச் சுத்திக்கிட்டு, முகம் சாம்பலா இருக்கு. மூச்சு விடுறப்ப நெஞ்சுல விசில் அடிக்கிற மாதிரி சத்தம். என்னைப் பாத்துட்டு, "பாயின்ட் காணாதோ?"ன்னாரு. போதலையான்னு கேக்காரு. அந்த நிலைமையிலயும் மனுசனுக்கு அந்த நினைப்பு இருக்கு பாருங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. குளிர் காத்து கண்ணுல பட்டா எனக்கு எப்பவும் தண்ணி வரும்.

உள்ள போய்ப் பாத்தேன். சாப்பாட்டு மேசையில நாலு நாற்காலி. மூணுல பேப்பரும் துணியும் அடுக்கியிருக்கு. ஒண்ணுதான் உக்கார இருக்கு. அதை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். எங்க வீட்டுலயும் இப்ப அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னாரு. பேசாம கோட்டை மாட்டிவிட்டு என் வண்டியில ஏத்திட்டேன். நிமோனியான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நுரையீரல்லயும் சளி. அங்க இருந்த நர்ஸ் கேக்கா, நீங்க மனைவியான்னு. இல்லைன்னேன். தங்கச்சியா? இல்ல. பின்ன நீங்க அவருக்கு என்ன உறவுன்னு கேக்கா. எனக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றதுன்னு தெரியல. தமிழ்லயும் தெரியல, உண்மையச் சொன்னா. நாங்க ரெண்டு பேரும் பெட்ரோலைப் பங்கு போட்டுக்கிறவங்கன்னு சொன்னேன். அவ பேனாவ வச்சுட்டு என்னைப் பாத்தா. அப்புறம் எதையோ எழுதிக்கிட்டு உள்ள விட்டுட்டா.

தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டு போனேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவரு தொடல. நான் கொண்டு போனதைக் குடிச்சாரு. கட்டில் பக்கத்துல உக்காந்திருப்பேன். பேச்சு வராது அவருக்கு, மூச்சு வாங்கும். நான்தான் பேசுவேன். பெட்ரோல் எட்டு சென்ட் ஏறிருச்சுன்னு சொல்வேன். கண்ணை மூடிக்கிட்டுச் சிரிப்பாரு. ஒரு தடவை என் கையப் பிடிச்சாரு. காய்ச்சல்ல இருக்கிறவங்க அப்படிப் பிடிப்பாங்க. எங்க வீட்டுக்காரவுகளும் கடைசியில கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டே இருந்தாக.

அவர் போன்ல இருந்து மகளுக்கு நான்தான் பேசினேன். தர்மினின்னு பேரு. அடுத்த நாளே வந்துருச்சு அந்தப் பிள்ளை. நல்ல பிள்ளை. என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. நீங்க இல்லாட்டி அப்பா இல்லைன்னுச்சு. அவருக்குக் குணமாகி வீட்டுக்கு வந்தப்புறம், ஒரு நாள் சமையக்கட்டுல என்கிட்ட தனியாப் பேசுச்சு. ஆன்ட்டியை அன்ரின்னுதான் சொல்லும்.

"அன்ரி, அப்பாவை என்னோட கூட்டிக்கொண்டு போகப் போறன். வீட்டையும் ட்ரக்கையும் விக்கப் போறம்."

"நல்லதும்மா. இந்தக் குளிர்ல தனியா இருக்கக்கூடாது."

"அவர் வரமாட்டன் எண்டு நிக்கிறார். ஏன் எண்டு கேட்டால் சொல்லுறார் இல்லை." கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்துச்சு. "அவர் இஞ்ச நிக்கிறதுக்கு ஏதும் காரணம் இருக்கோ அன்ரி? இருந்தால் சொல்லுங்கோ. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சந்தோசம்தான்."

நான் யோசிச்சுப் பாத்தேன். வேலை இல்ல. சொந்தம் இல்ல. வீடு ஒழுகுது. "ஒரு காரணமும் இல்லம்மா. பெத்த மக கூட இருக்கிறதுதான் முறை. நான் எடுத்துச் சொல்றேன்"னேன்.

அந்தப் பிள்ளை ஏன்னு தெரியல, திரும்பிப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பிச்சுருச்சு. நான் கழுவுறேன்னு சொன்னாலும் கேக்கல.

நான் சொன்னேன் அவர்கிட்ட. நல்லாத்தான் எடுத்துச் சொன்னேன். கனடாவுல உங்க ஆளுங்க நிறைய இருக்காங்க, பேரப் பிள்ளைக இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் காசு கிடையாதுன்னு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு. "நீங்கள் சொன்னால் சரி"ன்னாரு. அவ்வளவுதான். மக கிட்ட சண்டை போட்டவரு என்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு குடுத்தாரு.

மார்ச் மாசக் கடைசி சனிக்கிழமை. அடுத்த வாரம் கிளம்புறாரு. ட்ரக்கை ஒரு ஆளுக்கு விலை பேசியாச்சு, மறுநாள் வந்து எடுத்துக்கிட்டுப் போவான். நான் வழக்கம்போல பங்குக்குப் போனேன், இவரு வரமாட்டாருன்னு நினைச்சுக்கிட்டு. பாத்தா அங்க நிக்கிறாரு. மெலிஞ்சு போயிட்டாரு, கோட்டு தொளதொளன்னு தொங்குது. சவரம் பண்ணி, தலைய வாரிக்கிட்டு வந்திருக்காரு.

"விக்கப்போற வண்டிக்கு யாராவது டேங்க் நிறையப் போடுவாங்களா அண்ணாச்சி? வாங்குறவனுக்கு லாபம், உங்களுக்கு என்ன?"

"முப்பத்தஞ்சும் போட வேணும் எல்லோ. இல்லாட்டி உங்களுக்குப் பொறுக்காது."

அது உண்மைதான். என் வண்டிக்குப் போட்டாரு. ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் வண்டிய நகத்திட்டு ஓடி வந்து கைய நீட்டினேன். அவரு குடுக்கல. ரெண்டு பேர் கையும் ஹோஸ் மேல இருக்கு. அப்படியே நின்னுக்கிட்டு கேக்காரு.

"ஜெயக்கொடி, நான் போகத்தான் வேணுமோ?"

நீங்களே சொல்லுங்க அக்கா, அது கேக்குற இடமா? பின்னாடி ஒரு வண்டி காத்துக்கிட்டு நிக்கிது. மிஷின் சும்மா விட்டா கொஞ்ச நேரத்துல தன்னால நின்னுரும். மிச்ச இருபத்து மூணு கேலனும் போயிரும். "சீக்கிரம் போய் வண்டியக் கொண்டு வாங்க, நின்னுரப் போகுது"ன்னு சொன்னேன்.

ஹோஸை விட்டாரு. போய் ட்ரக்கைக் கொண்டு வந்தாரு. முழுசாப் போட்டோம், ஒரு சொட்டு பாக்கி இல்லாம. அன்னைக்கு டீ கொண்டு வரல. இல்ல, கொண்டு வந்திருந்தாரோ என்னவோ, வண்டிக்குள்ள இருந்து எடுக்கல. கையுறைய என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு. நானும் கவனிக்கல. பெரிய சைஸ், எனக்குச் சேராது.

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, ஏப்ரல்ல இருந்து மாசாமாசம் இருபத்து மூணு கேலன் வீணாப் போகுது. அவ்வளவுதான் என் வருத்தம். கோயில்ல கேட்டுப் பாத்தேன். எல்லாருக்கும் வேலை, பிள்ளைகளுக்கு சனிக்கிழமை நீச்சல் கிளாஸ், பாட்டு கிளாஸ். ரெண்டு பேர் வீட்டுல கரண்டுல ஓடுற காரு, அவங்களுக்கு நான் பேசுறதே புரியல. குமரன்கிட்ட சொன்னேன். "அம்மா, மிச்சமாகிற காசை நான் அனுப்பிடுறேன். நீ அந்தப் பங்க்ல போய் நிக்காத, ஆளுங்க என்ன நினைப்பாங்க"ன்னான். அவன் கிட்ட நான் காசா கேட்டேன்? காசு இருக்கு எனக்கு. அவுக பென்ஷன் வருது.

தனியாவே போறேன். என் வண்டிக்குப் போட்டுட்டு, ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு யாராவது வருவாங்களான்னு பாப்பேன். போன மாசம் ஒரு வெள்ளைக்காரம்மாகிட்ட கேட்டேன், ஜன்னலை ஏத்திக்கிட்டா. மிஷின் தன்னால நின்னுச்சு. நின்னப்புறமும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உடனே மாட்ட மனசு வரல.

மே மாசத்துல அவரு போன் பண்ணினாரு. கனடாவுல இருந்து. நல்லா இருக்கேன்னாரு. வீட்டுல எல்லாரும் காலையில போயிட்டா சாயங்காலம்தான் வருவாங்களாம். ஜன்னல்ல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாராம். அங்க பெட்ரோலை லிட்டர்ல விக்கிறாங்களாம், கணக்கே பிடிபடலையாம். அப்பக் கேக்காரு, "இப்ப ஆர் உங்களுக்கு ஹோஸ் பிடிக்கினம்?"

நான் என்ன சொல்ல? யாரும் இல்ல, தனியாத்தான் நிக்கிறேன்னு சொன்னா அங்க உக்காந்துக்கிட்டு கவலைப்படுவாரு. உடம்பு சரியில்லாத மனுசன். அதனால, "ஒருத்தர் கெடைச்சுட்டாரு அண்ணாச்சி. நல்ல மனுசன், பெரிய வண்டி. ஒரு குறையும் இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

"அப்பிடியோ"ன்னாரு. "சந்தோசம்"னாரு. "அப்ப நான் வைக்கிறன்"னு வச்சுட்டாரு.

அதுக்கப்புறம் போனே வரல. கோடை முடிஞ்சுது, இலை உதிந்து தீபாவளியும் வந்துட்டுப் போயிருச்சு, இப்ப பனியும் ஆரம்பிச்சுருச்சு. ஏன் பண்ணலன்னு எனக்குப் புரியல. நான் ஒண்ணும் தப்பாப் பேசலையே? அந்த மனுசன் கவலைப்படக்கூடாதுன்னு நல்லது நினைச்சுத்தானே சொன்னேன். நீங்க வெளியாளு, கேட்டவங்க, சொல்லுங்க. நான் சொன்னதுல என்ன தப்பு?

என்ன, மருந்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பாக்குறீங்க? இப்ப வந்துருவாரு.

நானாப் பண்ணலாம்தான். நம்பர் இருக்கு. ரெண்டு மூணு தடவை எடுத்தும் பாத்தேன். என்னன்னு சொல்லிப் பண்றது? சும்மா பண்ணினேன்னு சொல்ல முடியுமா இந்த வயசுல? எதாவது விசயம் இருக்கணும்ல. பெட்ரோல் விலை ஏறிருச்சுன்னு சொல்லலாம். ஆனா கோடையில இருந்து அது இறங்கிக்கிட்டேதான் வந்துச்சு. இறங்கினதுக்குப் போன் பண்ணினா நல்லாவா இருக்கும்?

அதோ உங்க மகன் வாராரு, பை கையில இருக்கு. போயிட்டு வாங்க. குளிருது, காதை மூடிக்கோங்க. வெளிய போறப்ப பங்க்ல போர்டை ஒரு தடவை பாருங்க. நேத்து ஏறியிருக்கு. ஒம்பது சென்ட்.